மணலில் சோதிக்கப்பட்ட டிராலி

கரையோர ஊழியர் நல மன்றம் வருஷத்துக்கு மூன்று திருவிழாக்களில் கூடாரம் அடித்தது. மாசியில் திருச்செந்தூர், செப்டம்பரில் மணப்பாடு சிலுவைக் கோவில், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம். ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் திருவிழா முடியும்வரை கடற்கரையில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சாமி கும்பிட்டுத் திரும்பலாம்.

கூடாரத் துணி, மூங்கில் கம்புகள், அண்டாக்கள், ஜமுக்காளங்கள், செயலாளர் தாணுலிங்கத்தின் மடக்குக் கட்டில் எல்லாம் தூத்துக்குடியிலிருந்து பஸ் கூரையில் வந்து இறங்கும். இறங்கிய இடத்திலிருந்து கூடாரம் அடிக்கும் இடம் அரை மைல் மணல். அந்த அரை மைலைப் பிலோமியும் இன்னும் மூன்று பெண்களும் தலைச்சுமையாகக் கடந்தார்கள். நால்வரும் தினக்கூலிகள். ஒன்பது வருஷத்தில் ஒரு கம்பு தொலைந்ததில்லை, ஓர் அண்டா நசுங்கியதில்லை. ஆகவே மன்றத்தில் யாரும் அவர்களைக் கவனித்ததில்லை.

1974 மாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு மேலதிகாரி திருச்செந்தூர் முகாமைப் பார்வையிட வந்தார். பிலோமி தலையில் செயலாளரின் கட்டிலோடு எதிரே வந்தாள். "இந்தக் காலத்திலும் தலைச்சுமையா?" என்று கேட்டுவிட்டு அவர் கோவிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பேசியது. தாணுலிங்கம் அந்த ஒரு வாக்கியத்தை டைப் அடிக்கச் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டினார். அடுத்த வாரமே டிராலித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

குழுவில் ஏழு பேர். சுமை தூக்கிப் பழகியவர்களும் மணலில் நடந்து பழகியவர்களும் ஒருதலையாகப் பேசுவார்கள் என்பதால் அப்படிப்பட்டவர்கள் யாரும் சேர்க்கப்படவில்லை. குழுவின் நடவடிக்கைகளை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத தேவபிரசாதத்தைப் போட்டார்கள். நாசரேத்துக்காரன். வயது இருபத்தாறு. மனைவி இன்பமணி, ஏழு மாதக் கைக்குழந்தை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அக்டோபரில் நிரந்தரமாக வேண்டும்.

முதல் இரண்டு கூட்டங்கள் பெயர் பற்றி நடந்தன. தள்ளினால் தள்ளுவண்டி, இழுத்தால் இழுவண்டி, ஒருவர் இழுத்து இன்னொருவர் தள்ளினால் என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் டிராலி என்றே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மூன்றாவது கூட்டத்தில் சக்கரத்துக்கு ஓர் உபகுழுவும் கைப்பிடிக்கு ஓர் உபகுழுவும் பிரிந்தன. கைப்பிடி உபகுழு ஜூன் மாதத்தில் அறிக்கை கொடுத்தது. கைப்பிடி கையால் பிடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பார்வைக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று, தூத்துக்குடி மூன்றாம் மைலில் ஒரு பட்டறைக்காரர் செய்தது. பழைய ஜீப் டயர் இரண்டு, மேலே மரப்பலகை. உப்பளத்து ஆட்கள் அதுபோல ஒன்றில்தான் ஈர மணலில் மூட்டை ஏற்றிப் போனார்கள். இன்னொன்று சரக்குக் கிட்டங்கிகளில் சிமெண்டுத் தரையில் மூட்டை தள்ளும் இரும்பு வண்டி. நாலு சின்ன இரும்புச் சக்கரம், பச்சைப் பெயிண்ட்.

ஸ்டோர் கீப்பர் வீரபாகு படிவத்தை விரித்தார். "அண்ணாச்சி, படிவத்துல 'சக்கரம் ஒன்று, சக்கரம் இரண்டு, சக்கரம் மூன்று, சக்கரம் நான்கு'ன்னு நாலு கட்டம் இருக்கு. டயர் வண்டிக்கு ரெண்டுதான். மிச்சம் ரெண்டு கட்டத்தை என்ன செய்ய?"

"காலியா விட்டா ஆடிட்ல கேப்பான்," என்றார் தாணுலிங்கம்.

டயர் வண்டி தகுதியிழந்தது.

ஜூலையில் சோதனை ஓட்டம். இடம், மன்றத்தின் வராந்தா. முகாம் சாமான்கள் இருந்த அறைச் சாவியோடு வீரபாகுவின் உதவியாளர் லீவில் போயிருந்ததால் வண்டியில் ஃபைல் கட்டுகளை ஏற்றினார்கள். "மணலிலும் பார்த்துவிட வேண்டும்" என்று செயலாளரே சொன்னார். கடற்கரையிலிருந்து இரண்டு கூடை மணல் வந்தது. கிளிஞ்சல் கிடந்தால் சக்கரம் தேயும் என்று வீரபாகு அதைச் சலித்து வைத்திருந்தார். வராந்தாவில் நாலடி நீளத்துக்குப் பரப்பினார்கள். இரும்பு வண்டி ஒரே தள்ளில் அதைத் தாண்டிப் போய் நின்றது. குழு கைதட்டியது.

வண்டியைப் பயன்படுத்தப் போகிறவர் என்ற முறையில் பிலோமியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். திரேஸ்புரத்துக்காரி. கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசையோரம் உட்கார்ந்திருந்த தேவபிரசாதத்திடம் வந்தாள்.

"சார், இதுக்குப் பேரு மணலா? கோலப்பொடி தூவுன மாதிரில்லா இருக்கு. மணப்பாட்டு மணலு கால இழுக்கும். இந்தச் சக்கரம் மூணு விரல் அகலங்கூட இல்ல. பாரத்தோட போனா அப்படியே புதைஞ்சிரும். பெறவு சரிவுல சாஞ்சிட்டா ஆள அடிச்சிரும். அந்த டயர் வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னத எழுதுதீயளா?"

"எழுதுதேன்," என்றான் தேவபிரசாதம். எழுதவும் செய்தான். ஐந்து வரி வந்தது.

கூட்ட முடிவில் மினிட்ஸை வாசித்தபோது தாணுலிங்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு கருத்துவே?"

"பிலோமி சொன்னது சார்."

"தினக்கூலிக்கு ஏது கருத்து? பதவி இருந்தாத்தான் கருத்து இருக்கும். அத எடுத்துட்டு அந்தப் பக்கத்தப் புதுசா எழுதும். சர்டிபிகேட்டும் நீரே எழுதிக் கையெழுத்துப் போட்டிரும்." பிறகு வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "உம்ம கன்ஃபர்மேஷன் ஃபைலு என் மேசையிலதான் இருக்கு. அதப் பத்தி நான் இப்ப ஒண்ணும் பேசல."

தேவபிரசாதம் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினான். 'டிராலி மணலில் சோதிக்கப்பட்டுத் திருப்திகரமாக இயங்கியது' என்று சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்தும் போட்டான். அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் என்று சொல்லி வருத்தப்படக்கூட அதில் இடமில்லை. வெளியே பிலோமி அந்த இரண்டு கூடை மணலையும் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தாள். "எழுதிட்டீயளா சார்?" என்று நிமிர்ந்து கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்பது போலவும் இருந்தது.

ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு டைப் அடித்தான். டிராலி வந்துவிட்டபடியால் சுமை தூக்குவோர் நால்வரில் மூவரின் சேவை இனித் தேவையில்லை. மீதமுள்ள ஒருவர் டிராலி ஆப்பரேட்டர் (தற்காலிகம்) என்று அழைக்கப்படுவார். மூவரின் பெயர்களை எழுத வேண்டுமா என்று வீரபாகுவிடம் கேட்டான். "எண்ணிக்கை போதும்," என்றார் வீரபாகு. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் தேவபிரசாதத்துக்கு இருமல் வந்துவிட்டது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். "சளியா இருக்கு, கசாயம் போட்டுத் தாரேன்," என்றாள் இன்பமணி.

டிராலிக்குத் தொடக்க விழா நடந்தது. தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தாணுலிங்கம் பேசினார்.

"இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க ஐந்து மாதம் ஆயிற்று என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவசரப்பட்டிருந்தால் ஒரே நாளில் சரியான வண்டியை வாங்கியிருக்கலாம். ஆனால் அதில் முறை இருந்திருக்காது. செயலாளர் மணலில் நடந்ததுண்டா என்றும் கேட்கிறார்கள். இல்லை. கூடார வாசல்வரை நான் ஜீப்பில்தான் போகிறேன். அதனால்தான் மணலைப் பற்றி விருப்பு வெறுப்பில்லாமல் முடிவெடுக்க என்னால் முடிகிறது. இனிமேல் முகாம் சாமான்கள் டிராலியில் மட்டுமே போகும். தலையில் போகாது. இது என் உத்தரவு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த உத்தரவு அன்றே சுற்றறிக்கையாக வெளிவந்தது.

செப்டம்பரில் மணப்பாட்டுக்குப் புறப்பட்டார்கள். பஸ் கூரையில் பாதி இடத்தை டிராலி எடுத்துக்கொண்டதால் கூடாரத் துணியில் பாதியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். காலை பத்து மணிக்கு இறங்கி, வண்டியில் அண்டாக்களையும் கம்புகளையும் கட்டிலையும் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ரோட்டில் டிராலி அருமையாக ஓடியது. ரோடு முடிந்து மணல் தொடங்கியதும் ஏழெட்டு அடி போயிற்று. அதன்பிறகு நாலு சக்கரமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது டிராலி ஆப்பரேட்டராகிவிட்ட பிலோமி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினாள். "சார், நான் தலையில தூக்கிட்டுப் போயிருதேன். நாலு நடை. மத்தியானத்துக்குள்ள உலை வச்சிரலாம்."

வீரபாகு சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து விரித்தார். "'டிராலியில் மட்டுமே'ன்னு போட்டிருக்கே. 'மட்டுமே'ங்கிறத நான் எப்படி மாத்த?"

சாமான்களை இறக்கினார்கள். காலி வண்டியை எட்டுப் பேர் தூக்கி நாலடி தள்ளி வைத்தார்கள். சாமான்களை மறுபடி ஏற்றினார்கள். வண்டி மறுபடி புதைந்தது. அப்புறம் ஜமுக்காளங்களை முன்னால் விரித்து அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். ஜமுக்காளங்களும் சேர்ந்து புதைந்தன. இரண்டு மணி நேரத்தில் நாற்பது அடி கடந்தார்கள். திருவிழாவுக்கு வந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளை வேட்டி கட்டிய எட்டுப் பேர் எதையோ தோளில் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்ததால் ஏதோ புது வழக்கத்துச் சப்பரம் என்று நினைத்து ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தேவபிரசாதத்துக்கு அன்றைக்கு வேலை, சாமான் பட்டியலை வைத்துக்கொண்டு ஏற்றியதையும் இறக்கியதையும் குறிப்பது. பென்சிலோடு பின்னால் நடந்தான். மணல் மேடு ஏறி மறுபக்கம் சரியும் இடம் வந்ததும் பிலோமி திரும்பிப் பார்த்தாள். "சாயும் சார். இறக்கிருங்க," என்றாள். இறக்கினால் மறுபடி ஏற்ற வேண்டுமே என்று யாரோ முனகினார்கள். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். தேவபிரசாதம் 'இறக்கியது' என்ற கட்டத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றான்.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. முன்னால் கயிற்றைப் பிடித்திருந்த பிலோமியின் இடது காலில் இரும்புச் சட்டம் விழுந்தது. அதற்கு மேல் அண்டாக்கள் விழுந்தன. "மாதாவே!" என்று ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான்.

வலைக்காரர்கள் நாலு பேர் ஓடி வந்து வண்டியைத் தூக்கி அவளை வெளியே எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தாணுலிங்கத்தின் ஜீப் வந்து நின்றது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

"பெயிண்டு கொஞ்சம் போயிருக்கு அண்ணாச்சி," என்றார் வீரபாகு.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று தேவபிரசாதம் கேட்டான். அன்று அவன் பேசியது அது ஒன்றுதான். ஜீப்பில் நிரந்தர ஊழியர்கள் மட்டுமே ஏறலாம் என்று செயலாளர் நினைவுபடுத்தினார். "நீரே ஏற முடியாதுவே," என்று சிரித்தார். பிலோமி ஒரு மீன் லாரியில் போனாள். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாலையில் அண்டாக்கள் கூடார இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வலைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்பதால் சுற்றறிக்கை அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

அக்டோபரில் விசாரணை நடந்தது. பிலோமி கக்கத்தில் கட்டை வைத்து ஊன்றிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தேவபிரசாதத்துக்குத் தோன்றியது. ஆனால் அவன் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தான்.

"டிராலி மணலில் சோதிக்கப்பட்டது. இதோ சர்டிபிகேட்," என்று தாணுலிங்கம் தொடங்கினார். "சோதிக்கப்பட்ட வண்டி சாய்ந்தால் தவறு ஓட்டியவருடையது. வண்டி சரியில்லை என்று நினைத்திருந்தால் சோதனை அன்றைக்கே நீ சொல்லியிருக்க வேண்டும். மினிட்ஸில் அப்படி ஒன்றும் இல்லை. சொன்னியா, சொல்லலியா?"

பிலோமி தேவபிரசாதத்தைப் பார்த்தாள். அவன் பேனாவை மூடினான், திறந்தான். அவள் தேநீர் வாங்கிவந்து கொடுக்கும்போதெல்லாம் இன்பமணியையும் குழந்தையையும் பற்றி அவளிடம் அவன் பேசியிருக்கிறான். குழந்தைக்குப் பல் முளைப்பதும், இந்த மாதம் அவன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதும்கூட அவளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணும் சொல்லல சார்," என்றாள்.

அதை அவன் எழுதினான். ஓர் எழுத்து விடாமல் எழுதினான். ஆப்பரேட்டரின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பாயிற்று. பிலோமி வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவன் வேலை நிரந்தரமாகும் என்று வீரபாகு வந்து கைகுலுக்கினார்.

அதன்பிறகு நாலு நாள் தேவபிரசாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையைத் தூக்கினால் அது சிரித்தது. உடனே இறக்கிவிட்டான். அவன் நிலைமை என்னவென்று இன்பமணி ஐந்தாம் நாள் துருவிக் கேட்டாள். சொன்னான். "பொறவு ஏன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீய? போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள்.

நாலு பக்கம் எழுதினான். பிலோமி சொன்னாள், நான் எழுதினேன், பக்கத்தைக் கிழித்தேன், கோழைத்தனமாகக் கையெழுத்துப் போட்டேன், அவள் முகத்தைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை, என் மனசாட்சி என்னைக் கொல்கிறது என்றெல்லாம் எழுதித் தாணுலிங்கத்தின் மேசையில் வைத்தான்.

தாணுலிங்கம் முழுவதும் படித்தார். கோபப்படவில்லை.

"நல்ல தமிழு. ஆனா யோசிச்சுப் பாரும். மினிட்ஸு பொய்னா குழு பொய். குழு பொய்னா டிராலியே பொய். டிராலி அந்தா வராந்தாவுல நிக்குதுவே, ரெண்டு பேரும் கண்ணால பாக்கோம். அது எப்படிப் பொய்யாவும்?" என்று கேட்டார். பிறகு, மினிட்ஸ் எழுதும்போது மன ஒருமைப்பாடு இல்லாத காரணத்தால் தேவபிரசாதத்தின் தகுதிகாண் பருவம் மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது என்று ஓரத்தில் எழுதினார்.

தேவபிரசாதத்துக்கு மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கியது போலிருந்தது. தண்டனை கிடைத்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. நேராகத் திரேஸ்புரம் போனான். பிலோமி வாசலில் பலகை போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தான். "நாலு பக்கம், பிலோமி. ஒண்ணையும் மறைக்கல," என்றான்.

அவள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே போட்டாள்.

"கன்ஃபர்ம் ஆவலியா?"

"ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டாங்க."

"அப்பம் நான் எதுக்குச் சார் அன்னைக்கி வாய மூடுனேன்?"

அவன் குனிந்து அந்தக் கருவாட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"சரி, போட்டும். அந்த நாலு பக்கத்துல என்னை வேலைக்கு எடுக்கணும்னு எழுதுனீயளா?"

தேவபிரசாதம் ஒவ்வொரு பக்கமாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். தன் பயம் இருந்தது. தன் வெட்கம் இருந்தது. தன் தூக்கம் கெட்டதுகூட இருந்தது. அந்த வரி இல்லை.

"ரெஜினாள், மரியபுஷ்பம், செல்லக்கிளி. இவங்க மூணு பேரையும் எடுக்கணும்னு எழுதுனீயளா?"

"பேரு தெரியாது பிலோமி," என்றான்.

"நீங்க உங்க மனசுக்கு எழுதியிருக்கீய சார். என் காலுக்கு எழுதல." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் காகிதம் கொண்டுவரச் சொன்னாள். "உக்காருங்க. இப்பம் நான் சொல்லுதேன். நீங்க எழுதுங்க. சொன்னத மட்டும் எழுதுங்க. உங்க மனசாட்சிய இதுல சேக்க வேண்டாம்."

மண்ணில் உட்கார்ந்து எழுதினான். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அந்த மனுவை அவன் மெட்ராஸுக்கே அனுப்பினான். ஒவ்வொரு மாதமும் நினைவூட்டல் எழுதினான். கடைசியில் மன்றம் இதற்கென்று ஒரு குழு போட்டது. டிராலிக்கு மணலில் உதவி தேவைப்படுகிறது என்று குழு கண்டுபிடித்து, டிராலி உதவியாளர் என்று நாலு பதவிகளை உண்டாக்கியது. பிலோமியும் மற்ற மூவரும் 1975 மாசிக்கு முன்னால் வேலைக்குத் திரும்பினார்கள். திருச்செந்தூரில் அந்த மூவரும் சாமான்களைத் தலையில் சுமந்து போனார்கள். டிராலி உடன் வந்ததாகப் பதிவாயிற்று. அது ஆபீஸை விட்டு நகரவில்லை. வராந்தாவில் ஃபைல் ஏற்றிப் போகிறது. மிகத் திருப்திகரமாக இயங்கிவருவதாக ஆண்டறிக்கை சொல்கிறது.

பிலோமியால் இனிச் சுமை தூக்க முடியாது. ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைக்கிறாள். விபத்துக்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு என்ற வரி ஃபைலில் அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றத் தேவபிரசாதம் மூன்று முறை எழுதிவிட்டான். முடிந்த ஃபைலைத் திறக்க விதி இல்லை.

ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் வரும் அந்த நடைச் சத்தம் வராந்தாவில் கேட்டால் அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறான். செயலாளர் வருகிறார் என்று நினைத்து மற்றவர்களும் எழுகிறார்கள். வாசலில் பிலோமி குடத்தோடு நிற்பாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். அவன் மட்டும் நின்றுகொண்டிருப்பான்.

ஒருநாள் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"எதுக்குச் சார் எந்திக்கீய? எந்திரிக்க வேண்டிய அன்னைக்கி நீங்க எந்திரிக்கல. இப்பம் உக்காந்து வேலையப் பாருங்க."

அவன் உட்கார்ந்தான்.